ஓடிப்போக ஒத்திகை

– அந்தச் சுத்தியலை வெளியே எடுங்க மெக்கானிக்.

– சிஸ்டர், போறது காட்டுக்கு. சுத்தியல் இல்லாம கூடாரத்துக்கு முளை அடிக்கறது எப்படி?

– கல்லால அடிச்சா இறங்கும். எடுங்க. அந்த ஸ்பேனரையும் எடுங்க. அதுக்குப் பின்னாடி பதுங்கியிருக்கற இன்னொரு ஸ்பேனரையும். கல்யாணம் பண்ணிக்க வர்றீங்களா, காட்டைக் கழட்டி மாட்ட வர்றீங்களா?

– கரடி வந்துட்டா?

– நட்டை முடுக்கி அனுப்பி வெச்சிருவீங்களா?

– சிரிக்காதீங்க. சத்தியமாச் சொல்றேன், சின்ன வயசுல நாம போற அதே மலையில ஒரு கரடியை நேருக்கு நேர் பார்த்தவன் நான். இந்தக் கட்டடத்துல பாதி உயரம் இருக்கும். அது என்னை ஏற இறங்கப் பார்த்துச்சு. நான் அதை ஏற இறங்கப் பார்த்தேன். கடைசியில அதுதான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போச்சு.

– போன வாரம் சொன்னப்ப அது ஓநாய்.

– ஓநாய் வேற நாள்.

– என் பேத்திகிட்டச் சொன்னப்ப ரெண்டும் ஜோடியா வந்து உங்ககிட்ட வழி கேட்டுச்சாம்.

– குழந்தைக்குச் சொல்றப்ப கொஞ்சம் தாராளமாச் சொல்லணும் சிஸ்டர். கஞ்சத்தனம் பண்ணக் கூடாது.

– கதை வேண்டாம். பையைக் கவிழ்த்துக் கொட்டுங்க. ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு வயித்தைத் தைக்கறதுக்கு முன்னாடி கத்தி, கத்திரி, பஞ்சுன்னு ஒவ்வொண்ணா எண்ணிப் பார்த்துட்டுத்தான் மூடுவோம். உள்ளே என்ன கிடக்குன்னு தெரியாம நான் எதையும் மூடினதில்ல.

– மெதுவாப் பேசுங்க, கதவு திறந்திருக்கு.

– திறந்துதான் இருக்கணும். ஒரு பொம்பளை மூணாவது மாடியில தனியா இருக்கற ஆம்பளை வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?

– கல்யாணம் பண்ணிக்கப் போறாங்கன்னு நினைப்பாங்க.

– அதைத்தான் நினைக்கக் கூடாதுங்கறேன். ஷ்! யாரோ படியேறி வர்றாங்க. கையை நீட்டுங்க, பிரஷர் பட்டையைக் கட்டணும்.

– மறுபடியுமா? கட்டிக் கட்டி இந்தக் கை இளைச்சே போச்சு. நாலாவது மாடிக்காரர் தினமும் நீங்க வந்து பார்க்கறதைப் பார்த்துட்டு, மனுஷன் தேறமாட்டார்னு முடிவு பண்ணி ஆரஞ்சுப் பழத்தோட வந்து கண் கலங்கிட்டாரு.

– வாயை மூடுங்க... நூத்தி நாப்பது. உப்பைக் குறைக்கச் சொன்னேனே, கேட்டீங்களா?... ஆமாங்க, இவருக்குத்தான். ஆமாங்க, வயசாகுதில்ல... இல்லங்க, வேண்டாங்க, நீங்க மெதுவா ஏறுங்க, மூட்டையை இறக்கி வெச்சு இறக்கி வெச்சுப் போங்க... போயிட்டாங்க. கையைக் குடுங்க, அவுக்கறேன்.

– யாரு?

– அஞ்சாவது மாடித் தையல்காரர் சம்சாரம். துணி மூட்டையோட ஏறி வர்றாங்க. மூச்சு வாங்குது, முகமெல்லாம் செவந்து கிடக்கு. அந்த நிலையிலயும் என்னைப் பார்த்து, "உங்க கை வலிக்குமே, மேலே போறப்ப கூப்பிடுங்க, பையை நான் தூக்கறேன்"ங்கறாங்க. இந்தப் பாழாப்போன லிஃப்ட் எப்பத்தான் சரியாகுமோ!

– ஆகும், ஆகும். கூடாரத்தை யார் தூக்கறது, நீங்களா நானா?

– கம்பெனிக்காரங்க என்னவோ சாமான் கிடைக்கலங்கறாங்களாமே. என் பையன் சொன்னான்.

– பழைய மாடல் லிஃப்ட் சிஸ்டர். சாமான் கப்பல்ல வரணும். கப்பல்னா தெரியுமே, ஆடி அசைஞ்சு வரும். கூடாரத்தை நானே தூக்கறேன். அந்தக் காலத்துல பியானோவோட நடுவழியில நின்னுபோன லிஃப்டை ஒத்தக் கையால மேலே இழுத்தவன் நான். உள்ளே பன்னெண்டு பேர். அதுல ஒருத்தர் பியானோ வாசிச்சுக்கிட்டே வந்தாரு.

– நேத்து ரெண்டு தண்ணி பாட்டிலோட ஆறாவது மாடி ஏறினப்ப கைப்பிடியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு?

– அது உங்களுக்காக நின்னது. நீங்க களைச்சுப் போனா கேக்க வெட்கப்படுவீங்களேன்னு.

– ம்ம். என் வெட்கத்தைப் பத்தி உங்களுக்கு ரொம்பத் தெரியும்.

– தெரியாமலா? போன செவ்வாக்கிழமை அந்தத் தையல்காரர் சம்சாரம் வர்ற சத்தம் கேட்டதும், முதுகுல மூட்டையோட குப்பை ரூமுக்குள்ள புகுந்துக்கிட்டீங்களே. ஒரு பெரிய ஆஸ்பத்திரியையே ஒத்தப் பார்வையில நடுங்க வெச்ச தலைமை நர்ஸ், முட்டை ஓட்டுக்கும் வாழைப்பழத் தோலுக்கும் நடுவுல!

– அதை ஞாபகப்படுத்தாதீங்க.

– நான் வெளியே காவல் நின்னேன். "என்ன மெக்கானிக், குப்பை ரூம் வாசல்ல?"ன்னு கேட்டாங்க. "நல்ல காத்து வருது"ன்னேன்.

– போதும். அவங்க முன்னாடி நிக்க எனக்கு முகமில்ல மெக்கானிக். உங்களுக்குத் தெரியாது. அவங்களும் தையல்காரரும் கல்யாணம் பண்ணிக்கிட்ட வருஷம், சாப்பாட்டு மேஜையில உக்காந்து நான் என்ன பேச்சுப் பேசினேன்! "பேரன் பேத்தி எடுக்கற வயசுல மாப்பிள்ளை, பொண்ணு. வெட்கங்கெட்ட ஜென்மங்க. ஊசியில நூலைக் கோக்கவே கண்ணாடி வேணும், இதுல இதுக்கு வேற கண்ணு தெரியுதாமா"ன்னு. சிரிச்சு சிரிச்சு எனக்குப் புரையேறிப் போச்சு.

– வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்களா?

– மருமகள் மரியாதைக்குச் சிரிச்சா. பையன் சிரிக்கல. தட்டைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டான். அந்தத் தட்டைப் பார்த்த முகம்தான் இப்ப எனக்குக் கண்ணுலயே நிக்குது. இப்ப அதே பையன்கிட்டப் போய், "தம்பி, உங்கம்மாவுக்கும் அந்த வியாதி வந்திருக்கு"ன்னு எந்த வாயால சொல்றது?

– அதனாலதான் காடு.

– அதனாலதான் காடு. இந்த ஊர்ல எங்க போய் மோதிரம் மாத்தறது? பாதிப் பேருக்கு நான் ஊசி போட்டிருக்கேன். பதிவு ஆபீஸ் குமாஸ்தாவுக்கு குடல்வால் எடுத்தப்ப கூடவே நின்னவ நான். அவர் என்னைப் பார்த்து, "மணமகளா?"ன்னு கேட்டா உயிர் போயிடும்.

– கரடிக்கு மட்டும்தான் நீங்க ஊசி போடல.

– அதனாலதான் அது சாட்சி. சரி, திட்டத்தை ஒருதரம் சொல்லுங்க. தப்பில்லாம.

– நீங்க முதல்ல இறங்கிப் போறீங்க. வீட்டுல கேட்டா, கூட வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தங்க வீட்டுக்கு. நான் கொஞ்சம் கழிச்சு இறங்கறேன். என்னைக் கேட்டா, காத்து வாங்க.

– முதுகுல கூடாரத்தோட காத்து வாங்கவா?

– நிறைய காத்து வாங்கன்னு சொல்லிக்கறேன். பஸ்ல நீங்க முன்னாடி, நான் பின்னாடி. கடைசி நிறுத்தம் வரைக்கும் நீங்க யாரோ, நான் யாரோ. அப்புறம் காட்டுப் பாதை. ராத்திரி மரத்தடியில கூடாரம்.

– ரெண்டு கூடாரம்.

– ரெண்டு கூடாரம். அதுக்குத்தான் எனக்கு முதுகு வலிக்கப் போகுது. மறுநாள் மலைமேல ஏரி. ஏரிக்கரையில நீங்க எனக்கு ஒரு மோதிரம், நான் உங்களுக்கு ஒரு மோதிரம். அந்த நேரம் பார்த்து ஏரியில இருக்கற அத்தனை வாத்தும் ஒரே நேரத்துல எழும்பிப் பறக்கும். அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன்.

– வாத்துகிட்டச் சொல்லிட்டீங்களா?

– வழி கேட்ட ஓநாய்கிட்டச் சொல்லி அனுப்பியிருக்கேன். சிரிச்சுட்டீங்க பார்த்தீங்களா! சிஸ்டர், இப்படிச் சிரிக்கறப்ப உங்களைப் பார்த்தா...

– சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிட்டுக்கிட்டு இந்தப் பேச்செல்லாம் பேசாதீங்க. கேக்கறவங்க காறித் துப்புவாங்க.

– பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அதைவிட வெட்கப்படறீங்களே. ஒருதரம் கூப்பிட்டதுக்கு ரெண்டு நாள் இந்தப் பக்கமே வரல.

– அப்புறம்?

– அப்புறம் என்ன, திரும்பி வர்றோம். வந்து... வந்து என்ன பண்றோம்?

– நான் ஏழாவது மாடிக்குப் போறேன். நீங்க மூணாவது மாடிக்கு.

– கல்யாணம் ஆனதுக்கு அப்புறமுமா?

– கொஞ்ச நாளைக்கு. பையன்கிட்டச் சொல்ல ஒரு வார்த்தை தேடிக்கறேன்.

– அதுவரைக்கும் பிரஷர் பார்க்க வருவீங்களா?

– வருவேன்.

– கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு.

– என்ன மெக்கானிக் திடீர்னு சத்தம் இறங்கிப் போச்சு?

– ஒண்ணுமில்ல. எனக்குக் காடு பிடிக்கும், வாத்து பிடிக்கும். ஆனா ஒருநாளாவது, சாயங்காலம், ரெண்டு பேரும் ஒரே கடையில காய் வாங்கிட்டு, ஒரே பையை ஆளுக்கொரு காதா பிடிச்சுக்கிட்டு, ஒரே கதவுக்குள்ள போகணும்னு ஒரு ஆசை. அவ்வளவுதான். விடுங்க. பையை எண்ணுங்க. அடுத்தது.

– அடுத்தது... டார்ச். சரி. பிஸ்கட். இவ்வளவு பிஸ்கட் எதுக்கு, ஓநாய்க்கும் சேர்த்தா? சரி. காப்பிப் பொடி. மழைச் சட்டை. சாக்ஸ், சாக்ஸ், சாக்ஸ்... இந்தச் சாக்ஸுல என்ன இவ்வளவு கனம்?

– அதை விடுங்க. கல்லு.

– காட்டுக்குக் கல்லு எடுத்துக்கிட்டுப் போறீங்களா?

– எடைக்கு. பழகறதுக்குப் போட்டது. குடுங்க இங்கே.

– கையை எடுங்க. கல்லுன்னா இது ஏன் சதுரமா இருக்கு?

– சதுரக் கல்லு.

– கம்பி முளைச்ச சதுரக் கல்லு! இது என்ன மெக்கானிக்?

– கரடி விரட்டற மெஷின்.

– போட்டுக் காட்டுங்க.

– கரடி வந்தாத்தான் வேலை செய்யும்.

– என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க. நான் எத்தனையோ பேரை மயக்கத்துக்கு முன்னாடி பார்த்திருக்கேன். பொய் சொல்றவனுக்குக் கழுத்துல நரம்பு துடிக்கும். உங்களுக்கு காது வரைக்கும் துடிக்குது.

– ரிலே.

– அப்படின்னா?

– லிஃப்டுக்குள்ள இருக்கறது. பட்டனை அமுக்கினா, போகலாமா வேண்டாமான்னு மோட்டாருக்குச் சொல்றது இதுதான். இது இல்லைன்னா லிஃப்ட் நின்ன இடத்துலயே நிக்கும்.

– எந்த லிஃப்ட்?

– சிஸ்டர், தண்ணி குடிக்கறீங்களா?

– எந்த லிஃப்ட், மெக்கானிக்?

– நம்ம லிஃப்ட்.

– நம்ம லிஃப்டா!

– கத்துங்க. திட்டுங்க. ஆனா இப்படிப் பார்க்காதீங்க.

– இந்தக் கட்டடத்து லிஃப்டை நீங்களா நிறுத்தினீங்க?

– நான்தான். வாழ்க்கையிலயே நான் கெடுத்த ஒரே லிஃப்ட். மத்ததெல்லாம் ரிப்பேர் பண்ணினதுதான், சத்தியமா.

– எதுக்கு?

– உங்களுக்கு ஞாபகமில்லையா? மூட்டையை முதுகுல போட்டு ஏறிப் பழகலைன்னா மலையில பாதியிலயே விழுந்துடுவோம்னு நான் சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க? "லிஃப்ட் நல்லா ஓடறப்ப நான் மூட்டையோட படியேறினா ஏன்னு கேக்க மாட்டாங்களா? அந்த வெட்கக்கேட்டுக்கு நான் வரல. ஓடிப்போறதே வேண்டாம்"னீங்க. ராத்திரி பூரா யோசிச்சேன். காலையில போய்க் கழட்டிட்டேன். எல்லாரும் மூட்டையோட ஏறினா உங்களை யாரும் தனியாப் பார்க்க மாட்டாங்கன்னு.

– ஐயோ.

– ரெண்டே நாள்ல திரும்ப மாட்டிடறதாத்தான் இருந்தேன். அதுக்குள்ள குடியிருப்போர் சங்கத்துல கூடி, "பாவம் மெக்கானிக், வயசான காலத்துல அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம், கம்பெனியைக் கூப்பிடுவோம்"னு என்கிட்ட இருந்த மெஷின் ரூம் சாவியை வாங்கிட்டாங்க. வாங்கினது யாரு? சங்கச் செயலாளர். செயலாளர் யாரு? உங்க மகன். அவர்கிட்டப் போய்ச் சாவி கேட்டா எதுக்குன்னு கேப்பாரு. எதுக்குன்னு சொன்னா ஏன் கழட்டினேன்னு கேப்பாரு.

– ஒம்பதாவது மாடியில கைத்தடி வெச்சுக்கிட்டிருக்கற பெரியவர்?

– அவருக்குப் பேப்பர், ரொட்டி, மருந்தெல்லாம் தினமும் நான்தான் கொண்டுபோய்க் குடுக்கறேன். போறப்பல்லாம் என் தலையைத் தொட்டு, "உன்னை மாதிரி தங்கமான மனுஷன் உண்டா"ங்கறாரு. அது ஒவ்வொரு தடவையும் நெஞ்சுல ஸ்க்ரூவை முடுக்கற மாதிரி இருக்கு. யாருக்கெல்லாம் மூட்டை தூக்கறேன் தெரியுமா? இந்தக் கட்டடத்துல நான் தூக்காத சாமான் ஃப்ரிட்ஜ் ஒண்ணுதான். எல்லாரும் வாழ்த்தறாங்க. திட்டினா தேவலை.

– அதைக் குப்பையில போட்டிருக்கலாமே. காட்டுக்கு ஏன் கொண்டுவர்றீங்க?

– எறிய மனசு வரல. வீட்டுல வெச்சா யார் கண்ணுலயாவது பட்டுடுமோன்னு பயம். அதுதான் சாக்ஸுல சுத்தி... சிஸ்டர், ராத்திரியில எனக்கு லிஃப்ட் ஓடற சத்தம் கேக்குது. தலையணையில காதை வெச்சாலே போதும், விர்ர்ன்னு ஏறுது, டக்குன்னு நிக்குது. நின்னுபோன லிஃப்ட்! குத்தம் பண்ணினவனுக்குக் காதுக்குள்ளயே ஓடுது. ஒருநாள் எழுந்து போய்ப் பார்க்கலாம்னு கதவு வரைக்கும் போனேன். பயந்துக்கிட்டு திரும்பிட்டேன்.

– அந்தம்மாவோட முகத்தை இப்பத்தானே பார்த்தேன். செவந்து போய், கண்ணுல வேர்வை இறங்கி. என் பையை அவங்க தூக்கறேன்னாங்க. என் பையை!

– அதை நினைச்சா எனக்கும்...

– நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. நான் வெட்கப்பட்டேன், அதுக்கு ஒரு கட்டடமே படியேறுது. ஒருத்தி, ஒரே ஒருத்தி, நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு குப்பை ரூமுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா. அதுக்காக ஒரு பெரியவர் வெளியே இறங்கி வெயிலைப் பார்க்கவே இல்ல. என் பேத்தி புத்தகப் பையோட ஏழு மாடி ஏறி வந்து சோபாவுல விழறா. நான் அவ காலைப் பிடிச்சு விட்டுக்கிட்டே கம்பெனிக்காரனைத் திட்டறேன்!

– தப்பு என்னோடது. உங்களுக்கு இதுல சம்பந்தமே இல்ல. நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நான் இப்பவே மேலே போய் உங்க மகன்கிட்ட இதைக் குடுத்துடறேன். கிழவனுக்குப் புத்தி தடுமாறிப் போச்சு, ஏன் கழட்டினோம்னே ஞாபகமில்லைன்னு சொல்லிடறேன். நம்புவாங்க. என் கரடிக் கதையைக் கேட்டவங்க எதையும் நம்புவாங்க. உங்க பேரு வெளியே வராது.

– அப்புறம் உங்களை எல்லாரும் பைத்தியம்பாங்க.

– சொல்லட்டுமே. அப்பவும் பிரஷர் பார்க்க வருவீங்கல்ல?

– நீங்க என்னை இன்னும் எவ்வளவுதான் வெட்கப்பட வைப்பீங்க?

– நான் என்ன பண்ணினேன் இப்ப?

– ஒண்ணும் பண்ணல. மூக்கைத் துடைச்சுக்க ஏதாவது குடுங்க. சாக்ஸ் வேண்டாம், கைக்குட்டை.

– பஸ் போயிடும் சிஸ்டர். கிளம்பறதா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க. வேண்டாம்னா பிஸ்கட்டைப் பிரிச்சுச் சாப்பிடலாம்.

– அம்மா? அம்மா, இங்கதான் இருக்கீங்களா?

– ஐயோ, என் பையன்! பட்டை எங்கே? பட்டையை எடுங்க! சாக்ஸை மறைங்க!

– எங்கே மறைக்கறது?

– எங்கயாவது! வாப்பா தம்பி, வா. இப்பத்தான் இவருக்குப் பிரஷர் பார்த்துக்கிட்டிருக்கேன்.

– எவ்வளவும்மா இருக்கு?

– ஏறிப்போச்சுப்பா. ரொம்ப ஏறிப்போச்சு.

– அது வந்து... பட்டையை அவர் கால்ல கட்டியிருக்கீங்கம்மா.

– கால்லயும் பார்க்கலாம்.

– பார்க்கலாம் தம்பி. பெரிய பெரிய டாக்டருங்க எல்லாம் எனக்குக் கால்லதான் பார்த்திருக்காங்க. ஒரு டாக்டர் என் பிரஷரைப் பார்த்துட்டு அவரே மயங்கி விழுந்துட்டாரு.

– சரிங்க மெக்கானிக் சார். இந்த ரெண்டு மூட்டை?

– பழைய துணிப்பா. யாருக்காவது குடுக்கலாம்னு.

– கூடாரத்தையும் குடுக்கறீங்களாம்மா?

– அது... தம்பி, அம்மாவை விடுங்க. நான் சொல்றேன். உங்ககிட்ட நானே மேலே வர்றதா இருந்தேன். இந்தாங்க, இதைப் பிடிங்க. இது லிஃப்ட் ரிலே. நான்தான் கழட்டினேன். ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. வயசாச்சு, மூளை நடுநடுவுல நின்னு போகுது. மாடிக்கு நடுவுல லிஃப்ட் நிக்கற மாதிரி. அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது, இப்பத்தான்...

– நிறுத்துங்க மெக்கானிக்.

– சிஸ்டர், நான் பேசறேன்ல!

– நீங்க பேசினது போதும். தம்பி, இவர் மூளைக்கு ஒண்ணுமில்ல. இவர் சொன்னதுல ரிலே மட்டும்தான் நிஜம். மத்தது எல்லாம் கரடி. இவர் எனக்காகக் கழட்டினாரு.

– அம்மா, நீங்க உக்காருங்க.

– நின்னுக்கிட்டே சொல்றேன், உக்காந்தா சொல்ல மாட்டேன். நாங்க ரெண்டு பேரும் ஓடிப்போகப் போறோம்.

– எங்கம்மா?

– காட்டுக்கு.

– காட்டுக்கு...

– மலைமேல ஒரு ஏரி இருக்கு. அங்க மோதிரம் மாத்திக்கப் போறோம். யார் கண்ணுலயும் படாம. அதுக்குத்தான் மூட்டை தூக்கிப் படியேறிப் பழகினோம். அதை யாரும் ஏன்னு கேக்கக் கூடாதுன்னுதான் இவர் லிஃப்டை நிறுத்தினாரு. சொல்லிட்டேன். சிரிக்கணும்னா சிரிச்சுடுப்பா. தையல்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் சிரிச்ச மாதிரி. எனக்கு அது வேணும்.

– அம்மா.

– தட்டைப் பார்த்த மாதிரி தரையைப் பார்க்காதப்பா. ஏதாவது சொல்லு. அம்மாவுக்கு வெட்கமா இருக்கு.

– எனக்கும்தாம்மா வெட்கமா இருக்கு.

– இருக்கும். ஊர் முழுக்கத் தலைகுனிவு. எனக்குத் தெரியும்.

– அது இல்லம்மா. அது வந்து... போன செவ்வாக்கிழமை நீங்க குப்பை ரூம்ல நின்னப்ப, தையல்காரம்மாவுக்குப் பின்னாடி நானும் ஏறி வந்துக்கிட்டிருந்தேன். கதவு சரியாச் சாத்தல. மூட்டையோட சுவத்தோரமா, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நின்னீங்க. சின்னப் பிள்ளைங்க ஒளிஞ்சுக்கற மாதிரி. பார்த்துட்டு, பார்க்காத மாதிரி மேலே போயிட்டேன். எங்கம்மா என்னைப் பார்த்துப் பயந்து குப்பைக்கு நடுவுல நிக்கற அளவுக்கு நான் என்ன பிள்ளைன்னு, அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

– உனக்குத் தெரியுமா?

– தெரியும்மா. அதுக்கு முன்னாடியே தெரியும்.

– அப்ப தம்பி, தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? சரி, என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி சாவியைக் குடுங்க. ஓடிப்போறது இருக்கட்டும், ஒரே நிமிஷத்துல மாட்டிட்டு வந்துடறேன். அந்தப் பெரியவர் வெயிலைப் பார்க்கட்டும்.

– வேண்டாம் மெக்கானிக் சார்.

– என்னை நம்பலையா? கைநடுக்கமெல்லாம் கிடையாது.

– அந்த ரிலேயை நீங்களே வெச்சுக்கோங்க.

– என்னப்பா இது, மெக்கானிக் கேக்கறாருல்ல? நீ கோபத்தை என்மேல காட்டு, கட்டடத்து ஜனங்க மேல காட்டாதே. இன்னும் எத்தனை நாள் அவங்க மூச்சு வாங்க ஏறணும்?

– அதைச் சொல்லத்தாம்மா எல்லாருமாச் சேர்ந்து என்னை அனுப்பியிருக்காங்க. கம்பெனிக்காரங்க வேற ரிலே போட்டு லிஃப்ட் சரியாகி ரெண்டு வாரம் ஆச்சு. மூட்டையோட ஏறறதைப் பார்த்தே எல்லாருக்கும் விஷயம் புரிஞ்சு போச்சு. நீங்க ரெண்டு பேரும் பழகி முடிக்கற வரைக்கும் பகல்ல யாரும் அதுல ஏறக் கூடாதுன்னு சங்கத்துல ஒருமனசா முடிவு பண்ணியிருக்கோம். ஆனா இனிமே முடியாதும்மா, எல்லாருக்கும் முட்டி போச்சு, தயவுசெஞ்சு இன்னைக்கே ஓடிப்போயிடுங்க.